சக்கரைப் புண்ணில் கிருமி எதைத் தின்கிறது? காட்பாடியில் ஒரு கோடைச் சோதனை

அப்பா குடியாத்தத்தில் முப்பத்தெட்டு வருடம் லுங்கி நெய்தவர். தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்து வெறுங்காலால் மிதித்தே பழகிய கால். சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது. போன வருடம் மிதிபலகையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஆணி வலது சுண்டுவிரலுக்குக் கீழே ஏறியிருக்கிறது. அவருக்கு உணர்ச்சியே தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, திண்ணையில் ரத்தக் கறை இருப்பதை அம்மா பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

புண் ஆற ஐந்து மாதம் ஆனது. சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. நடுவில் சில வாரம் கட்டு மாற்றும்போதெல்லாம் துணியில் ஒரு பச்சைக் கறை இருக்கும். கூடவே பன்னீர் திராட்சையைக் கசக்கினாற்போல ஒரு வாசனை. நான் நுண்ணுயிரியல் பாடம் நடத்துகிறவள். அந்த வாசனை எனக்குப் பத்து வருடப் பழக்கம். வளர்ப்புத் தட்டின் மூடியைத் திறக்காமலேயே மூக்குக்கு எட்டும். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா. ஆய்வக அறிக்கையும் அதையேதான் சொன்னது. அதோடு ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவும் இருப்பதாக வந்தது.

ஒரு நாள் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா கேட்டார். "ஏன் பாப்பா, நான் சக்கரையச் சுத்தமா கொறைச்சிட்டேன்னா இந்தப் பூச்சி பட்டினி கெடந்து செத்துடுமா?"

"கொறைச்சா புண் ஆறும்ப்பா" என்றேன். அது உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. கிருமி எதைத் தின்கிறது என்று கேட்டார். அதற்கு என்னிடம் இருந்தது, இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மாணவிகளுக்கு நானே எழுதிப்போட்ட ஒற்றை வரி: 'சூடோமோனாஸ் குளுக்கோஸைவிடக் கரிம அமிலங்களை விரும்பும்.' எழுதிப்போட்டேனே தவிர, அதை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. இந்தக் கோடையில் பார்த்துவிடுவது என்று இறங்கினேன். இறுதியாண்டு மாணவிகள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணாவும் கூட இருந்தார். அவர் இல்லாவிட்டால் இதில் பாதிகூட நடந்திருக்காது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது வீட்டில் செய்கிற காரியம் இல்லை. சூடோமோனாஸ் நோய் உண்டாக்கும் கிருமி. கையுறை, பாதுகாப்புக் கூண்டு, முடிந்ததும் 121 டிகிரி நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ், மேசைக்குக் கிருமிநாசினியாக ஹைப்போகுளோரைட் என்று எல்லா ஒழுங்கும் தெரிந்த ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். அப்பாவின் புண்ணிலிருந்து எதையும் எடுக்கவில்லை. சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பிலிருந்து கல்லூரி முன்பே வாங்கிவைத்திருந்த சூடோமோனாஸையும், ஒப்பிட்டுப் பார்க்க ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவில் நோய் உண்டாக்காத கே-12 வகையையும்தான் பயன்படுத்தினோம்.

யோசனை எளிமையானது. ஒரே குழாயில் குளுக்கோஸையும், சக்சினேட் என்ற கரிம அமில உப்பையும் சேர்த்து வைப்போம். எது முதலில் தீர்கிறது? இந்தக் கேள்விக்கு வயது எண்பதுக்கு மேல். பாரிஸில் ழாக் மோனோ என்ற ஆய்வாளர் இரண்டு சர்க்கரை கலந்து கொடுத்து பாக்டீரியாவை வளர்த்தபோது, அது இரண்டையும் ஒன்றாகத் தின்னவில்லை என்று கண்டார். முதலில் ஒன்றைத் தீர்த்தது; கொஞ்ச நேரம் வளராமல் நின்றது; பிறகு அடுத்ததைத் தொட்டது. இரட்டை வளர்ச்சி என்ற பொருளில் 1941இல் அதற்கு 'டயாக்ஸி' என்று பேர் வைத்தார். அந்த இடைநிறுத்தத்தைத் துருவிக்கொண்டே போனதில்தான் மரபணுக்கள் எப்படித் திறந்து மூடப்படுகின்றன என்ற கதையே விரிந்தது. ஃபிரான்சுவா ஜாக்கோப், ஆந்த்ரே லுவோஃப் இருவரோடும் 1965இல் நோபல் பரிசும் வந்தது. ஈ. கோலைக்குக் குளுக்கோஸ்தான் முதல் பந்தி. சூடோமோனாஸுக்கு இது தலைகீழ் என்று புத்தகம் சொல்கிறது.

எது தீர்கிறது என்று பார்க்க விலையுயர்ந்த கருவி எங்களிடம் இல்லை. அதனால் நிறத்தை நம்பினோம். சோடியம் சக்சினேட்டில் சக்சினேட்டைக் கிருமி தின்றுவிட்டால் சோடியம் மிஞ்சும்; நீர் காரமாகும். பாக்டீரியாவை இனம் காண வைக்கும் சிம்மன்ஸ் சிட்ரேட் தட்டு பச்சையிலிருந்து நீலமாக மாறுவதும் இந்தக் காரணத்தால்தான். குளுக்கோஸைத் தின்றால் அமிலம் கசியும். ஆகவே குழாயில் புரோமோதைமால் புளூ என்ற சாயத்தைக் கலந்துவிட்டால் போதும். நடுநிலையில் பச்சை, காரமானால் நீலம், அமிலமானால் மஞ்சள். முதலில் நீலம் வந்தால் சக்சினேட் முதலில். மஞ்சள் வந்தால் குளுக்கோஸ் முதலில்.

எம்-9 என்ற எளிய ஊடகத்தை எடுத்துக்கொண்டோம். உப்பும் அம்மோனியமும் மட்டும் உள்ளது; உணவு நாம் போடுவதுதான். அதில் லிட்டருக்கு 6 கிராம் டைசோடியம் பாஸ்பேட்டும் 3 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டும் போடுவார்கள். அமில கார மாற்றத்தைத் தாங்கிப் பிடிக்கத்தான் அவ்வளவு. எங்களுக்கோ அந்த மாற்றம்தான் கண்ணில் பட வேண்டும். முதல் முறை அப்படியே கலந்துவிட்டு, பச்சை லேசாகக் கூடியதைத் தவிர வேறெதுவும் தெரியாமல் ஒரு நாள் போனது. பிறகு பாஸ்பேட்டைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தோம்: 0.6 கிராம், 0.3 கிராம். சாயம் லிட்டருக்கு 80 மில்லிகிராம்.

குளுக்கோஸை மற்ற உப்போடு சேர்த்து ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள். பழுத்துப் பழுப்பாகிவிடும், நிறம் பார்க்கிற சோதனைக்கு அது ஆகாது. தனியாகக் கிருமிநீக்கிச் சேர்க்க வேண்டும். மெக்னீசியம், கால்சியம் இரண்டையும் ஆறின பிறகுதான் ஊற்ற வேண்டும். சூட்டில் ஊற்றினால் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும்.

குளுக்கோஸ், சக்சினேட் இரண்டையுமே 10 மில்லிமோலார் செறிவில் வைத்தோம். குளுக்கோஸில் அது லிட்டருக்கு 1.8 கிராம், அதாவது டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராம். எழுதும்போதே கை நின்றது. அப்பாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நான் எத்தனையோ தடவை பார்த்துக் கவலைப்பட்ட எண் அது. அவருடைய கெட்ட நாட்களின் ரத்தத்தில் இருந்த அளவு சர்க்கரைதான் இந்தக் குழாயில் இருந்தது.

சக்சினேட்டில் தவறு நடந்தது. மாணவி கணக்குப் போட்டு 1.62 கிராம் நிறுத்துக் கொடுத்தாள். கணக்கு சரி, நீரற்ற உப்புக்கு. எங்கள் புட்டியில் இருந்தது ஆறு நீர் மூலக்கூறு சேர்ந்த உப்பு, அதற்கு 2.7 கிராம் வேண்டும். ஆக எங்கள் குழாயில் இருந்தது 6 மில்லிமோலார் மட்டுமே. நீலம் வந்த வேகத்தில் மங்கிப்போவது ஏன் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். புட்டியின் பின்பக்கச் சீட்டை நானும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். இப்போது நிறுக்கும் முன் புட்டியிலுள்ள மூலக்கூறு எடையை ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் நோட்டில் எழுதுகிறோம்.

அதைவிடப் பெரிய தவறு, நாங்கள் பார்த்த நேரம். மாலை ஐந்துக்குக் கிருமியைச் சேர்த்து, குழாய்களை ஆட்டிக்கொண்டே இருக்கும் குலுக்கி என்ற கருவியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் காலை ஒன்பதரைக்கு வந்து பார்த்தோம். இரண்டு குழாயுமே நீலமாக இருந்தன. ஈ. கோலை குழாய் கொஞ்சம் வெளிர், அவ்வளவுதான் வித்தியாசம். மாணவிகள் முகம் வாடிப்போனது. புத்தகம் சொன்னது எங்கே என்று எனக்கும் புரியவில்லை. அன்று மதியம் சாப்பிடும்போதுதான் உறைத்தது: பதினாறு மணி நேரத்தில் இரண்டுமே எல்லாவற்றையும் தின்று முடித்திருக்கும். ஈ. கோலை குளுக்கோஸைத் தின்று அசிட்டிக் அமிலத்தைத் துப்பும். குளுக்கோஸ் தீர்ந்ததும் துப்பியதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்புறம் சக்சினேட்டையும் முடிக்கும். முடிவில் மிஞ்சுவது காரம்தான். காலியான இலையைப் பார்த்து எதை முதலில் சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியுமா? பந்தி நடக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும்.

சரி, பகல் முழுக்க உட்கார்ந்து அரை மணிக்கொரு தடவை பார்ப்போம் என்று ஆரம்பித்தால், வெயில் விடவில்லை. மே முதல் வாரம், அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. கிருமியை வளர்க்கும் பெட்டியான எங்கள் இன்குபேட்டரில் சூடேற்றும் கம்பி உண்டு, குளிர்விக்க ஒன்றும் கிடையாது. அறை 37 டிகிரிக்குக் கீழே இருக்கும் ஊர்களுக்கு அது போதும். காட்பாடியில் மே மாத மதியம் இரண்டு மணிக்கு அறையே 39. உள்ளிருக்கும் தெர்மாமீட்டர் 41 காட்டியது; சூடேற்றும் விளக்கோ அணைந்தே கிடந்தது. சூடோமோனாஸுக்கு அதனால் ஒன்றும் இல்லை. 42 டிகிரியிலும் வளரும் என்பது அதை இனம் காணும் சோதனைகளிலேயே ஒன்று. ஈ. கோலையும் தாங்கும். ஆனால் வேகம் மாறிவிடும். நேற்றைய ஆறாம் மணியும் இன்றைய ஆறாம் மணியும் ஒன்றாக இருக்காது. குளிர்விப்பும் உள்ள பி.ஓ.டி. இன்குபேட்டர் ஒன்று இருந்தது. அதற்குள் குலுக்கி நுழையவில்லை. குலுக்காமல் வைத்தால் குழாயின் அடியில் ஆக்சிஜன் இருக்காது, சூடோமோனாஸ் சோர்ந்துபோகும்.

கடைசியில் ராத்திரிக்கு மாற்றினோம். முதல்வரிடம் எழுதிக் கொடுத்து, விடுதி மாணவிகள் இரண்டு பேருக்கும் அனுமதி வாங்கி, மாலை ஏழிலிருந்து விடிய ஐந்து வரை. ராத்திரியில் அறை 32க்கு இறங்கிவிடும். 37இல் வைத்தால் 37இல் நிற்கும். அண்ணா தானாகவே தங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். டீ வராந்தாவில் மட்டும். ஆய்வகத்துக்குள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதில் அவர் எங்களைவிடக் கண்டிப்பு.

குளுக்கோஸை அளக்க முதலில் டி.என்.எஸ். முறையைத்தான் நினைத்திருந்தோம். கொதிக்கவைத்தால் ஆரஞ்சாகும், எல்லாக் கல்லூரியிலும் செய்வது. ஆனால் அது பல சர்க்கரைப் பொருட்களோடு பொதுவாக வினைபுரியும். சூடோமோனாஸோ குளுக்கோஸை உள்ளே இழுக்கும் முன்பே, வெளிச்சவ்வுக்கும் உள்சவ்வுக்கும் நடுவிலேயே, குளுக்கோனிக் அமிலமாக ஆக்கிவிடக்கூடியது. அதைத் தாண்டி கீட்டோ அமிலமாகவும் மாற்றும். அது குழப்பும் என்று தோன்றியது. ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் தோழி ஒருத்தி, ரத்தச் சர்க்கரை பார்க்கிற குளுக்கோஸ் ஆக்சிடேஸ் கிட் ஒன்றைக் கொடுத்தாள். குளுக்கோஸை மட்டும் பிடிக்கும், இளஞ்சிவப்பாகும், 505 நானோமீட்டரில் படிக்கலாம். 180 அதன் எல்லைக்குள் கச்சிதமாக அடங்குகிறது. அளவு பார்க்கிற குழாய்களில் சாயம் போடவில்லை. நிறம் பார்ப்பது தனி வரிசை, அளப்பது தனி வரிசை.

அந்த ராத்திரியை நான் மறக்க மாட்டேன். பத்து மணி வரை எல்லாம் பச்சை. பத்தரை வாக்கில் ஈ. கோலை குழாயின் பச்சையில் மஞ்சள் ஓட ஆரம்பித்தது. சூடோமோனாஸ் குழாயை வெள்ளைத்தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தோம். பச்சை கொஞ்சம் ஆழமாகியிருந்தது. பன்னிரண்டரைக்கு ஒன்று எலுமிச்சை மஞ்சள், ஒன்று நல்ல நீலம். ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒரே நீர்.

வராந்தாவிலிருந்து உள்ளே வந்த அண்ணா குழாய்த்தாங்கியைப் பார்த்துவிட்டு நின்றார். "இன்னாம்மா இது, ஒண்ணு மஞ்சாவா கீது, ஒண்ணு நீலமா கீது. ரெண்டுக்கும் ஒரே மருந்துதான ஊத்துனோம்?"

"ஒரே மருந்துதாண்ணா. சாப்பிடறது ரெண்டும் வேற வேற."

கிட்டின் அளவும் அதையே சொன்னது. அந்த நேரத்தில் ஈ. கோலை குழாயில் குளுக்கோஸ் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. சூடோமோனாஸ் குழாயில் 170ஐ ஒட்டியே நின்றது. கிட்டத்தட்டத் தொடவே இல்லை. கிருமி பெருகப் பெருகக் கூடும் கலங்கலைப் பார்க்கும் கலரிமீட்டரில் சூடோமோனாஸின் கோடு ஒன்றேகால் மணிக்கு ஏறுவதை நிறுத்தியது. முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்தது. பிறகு மறுபடி ஏறியது, இந்தத் தடவை மெதுவாக. அதற்குப் பிறகுதான் குளுக்கோஸ் எண் சரிய ஆரம்பித்தது. நான்கு மணிக்கு நீலம் மங்கிப் பச்சைப் பக்கம் திரும்பியது, குளுக்கோனிக் அமிலத்தின் வேலையாக இருக்கும். மோனோவின் படத்தை வகுப்பில் எத்தனை வருடம் சுண்ணக்கட்டியால் வரைந்திருப்பேன்! அந்த நடுப்படி என் சொந்த வரைபடத்தாளில் விழுந்தபோது மாணவிகள் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது.

எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அந்த அமைப்பே அழகு. ஈ. கோலையில் குளுக்கோஸ் உள்ளே நுழைகிற வேலையே சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்தி மூலக்கூறைக் குறைத்துவைக்கிறது. அந்தச் செய்தி இல்லாமல் மற்ற உணவுக்கான மரபணுக்கள் சரியாகப் படியெடுக்கப்படுவதில்லை. சூடோமோனாஸ் வேறு இடத்தில் கை வைக்கிறது. படியெடுத்த சீட்டு, அதாவது ஆர்.என்.ஏ., புரதம் செய்யும் இடத்துக்குப் போகும். அங்கே ஹெச்.எஃப்.க்யூ., சி.ஆர்.சி. என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து சீட்டின் ஆரம்ப வரியைப் பொத்திக்கொள்ளும். சமைக்கச் சொல்லிச் சீட்டு வந்தும் சமையல் நடக்காது. சக்சினேட் போன்ற பிடித்த உணவு தீர்ந்ததும் சி.ஆர்.சி.இசட். என்ற சின்ன ஆர்.என்.ஏ. பெருகும். அது ஹெச்.எஃப்.க்யூ.வைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பொத்திய கை விலகும். குளுக்கோஸுக்கான புரதங்கள் தயாராகும். எங்கள் தாளில் விழுந்த அந்த முக்கால் மணி நேரம் இந்த மாற்றத்துக்கு ஆகும் நேரம் என்றுதான் புரிந்துகொள்கிறேன்.

இதில் ஆய்வகக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை உண்டு. சீட்டைப் பிடிப்பது சி.ஆர்.சி.தான் என்று சில வருடம் நம்பியிருந்தார்கள். பிறகு சோதித்தபோது, சுத்திகரித்ததாக நினைத்த சி.ஆர்.சி.யோடு கொஞ்சம் ஹெச்.எஃப்.க்யூ.வும் கலந்து வந்திருந்தது தெரிந்தது. ஆர்.என்.ஏ.வைப் பிடித்தது அந்தக் கலப்பு, சி.ஆர்.சி. அந்தப் பிடியை இறுக்கும் துணை. நீர் மூலக்கூறைக் கணக்கில் விட்ட எங்களுக்கு அதைப் படித்தபோது தெம்பாக இருந்தது. சந்தேகப்பட்டுத் திரும்பச் செய்து பார்த்தவர்களால்தான் அது சரியானது.

இதெல்லாம் குலுக்கிய நீரில் நீந்துகிற கிருமி. அப்பாவின் புண்ணில் இருந்தது அப்படி இல்லை. அங்கே அது படலமாகப் படிந்திருக்கும்: தானே சுரந்த சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், டி.என்.ஏ. எல்லாம் சேர்ந்த ஒரு கோந்துக்குள். குளத்துப் படிக்கட்டில் கால் வழுக்கும் பாசி மாதிரி. ஆகவே அடுத்த கட்டம் படலம்.

கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டைக் குழாயில் செங்குத்தாக நிறுத்தி, பாதி நீருக்குள் பாதி வெளியே இருக்கும்படி இரண்டு நாள் வைத்தோம். நீரும் காற்றும் தொடும் கோட்டில்தான் படலம் தடிமனாகப் படியும், அங்கேதான் உணவும் ஆக்சிஜனும் இரண்டும் கிடைக்கும். ஒன்றை எடுத்துக் கழுவி, 0.1 சதவீத கிரிஸ்டல் வயலட் சாயத்தில் கால் மணி நேரம் ஊறவைத்துத் திரும்பக் கழுவினால் ஊதா நிறத்தில் ஒரு பட்டை தெரியும். முதல் தடவை தண்ணீர்க் குழாயடியில் காட்டிக் கழுவி முழுப் படலத்தையும் சாக்கடைக்கு அனுப்பப் பார்த்தோம். நல்லவேளை, அண்ணா தடுத்து, கழுவிய நீர் ஹைப்போகுளோரைட் வாளிக்குத்தான் போக வேண்டும் என்று நினைவுபடுத்தினார். இப்போது மூன்று பீக்கரில் உப்புநீர் வைத்து, ஒவ்வொன்றிலும் மெல்ல ஒரு முறை முக்கி எடுக்கிறோம். பட்டை நிற்கிறது.

படலம் படிந்த கவர்ஸ்லிப்பை, சாயமிடாமலே கழுவி, குளுக்கோஸும் சக்சினேட்டும் உள்ள புதுக் குழாய்க்கு மாற்றினோம். இங்கேதான் ஒரு வாரம் ஏமாந்தோம். நீலம் உடனே வந்தது. மகிழ்ந்தோம். பிறகு சாயமே போடாத ஒப்பீட்டுக் குழாயைப் பார்த்தால் அதுவும் நீலப்பச்சை! அது காரத்தின் நிறமே இல்லை. சூடோமோனாஸே சுரக்கும் பயோசயனின். அப்பாவின் கட்டுத்துணியில் பார்த்த கறைக்கு உறவுக்காரன். கிருமி நெருக்கமாகி வயதானதும் அதைச் சுரக்கும். இரண்டு நாள் படலத்தில் அது ஏற்கெனவே நிறைந்திருந்தது.

உறுதிசெய்ய ஒரு பழைய முறை இருக்கிறது. நீரில் குளோரோஃபார்ம் ஊற்றிக் குலுக்கினால் பயோசயனின் மட்டும் அதற்குள் இறங்கி அடியில் நீலமாக நிற்கும். அதை எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்த்தால் இளஞ்சிவப்பாகும். சிவந்தது. அத்தனை நாள் குறிப்பையும் அடித்துவிட்டு, படலச் சோதனைக்கு நிறத்தை நம்புவதில்லை, அமில கார அளவைக் காட்டும் பி.எச். மீட்டரும் குளுக்கோஸ் கிட்டும் மட்டுமே என்று முடிவு செய்தோம்.

அப்படிச் செய்த நான்கு ஓட்டத்திலும் வரிசை அதேதான்: முதலில் பி.எச். ஏறியது, குளுக்கோஸ் பிறகு இறங்கியது. ஆனால் நீந்தும் கிருமியில் பார்த்த கூர்மையான படி இல்லை. பி.எச். இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே குளுக்கோஸ் மெல்லக் குறைய ஆரம்பித்துவிட்டது. நின்று யோசிக்கும் இடைவேளையே தெரியவில்லை. நான்கு ஓட்டத்தை வைத்து உலகுக்கு ஒன்றும் சொல்ல முடியாது. ஆனாலும் காரணம் ஊகிக்கலாம். படலத்தில் எல்லாக் கிருமிக்கும் ஒரே இலை போடுவதில்லை. மேலே இருப்பவை சக்சினேட்டையும் ஆக்சிஜனையும் வழிமறித்துத் தின்றுவிடும். ஆக்சிஜன் சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள்ளேயே தீர்ந்துபோகும் என்பது நுண்மின்முனைகளால் அளந்து கண்டது. கீழே இருப்பவை வடிந்து வருவதை வைத்துக்கொண்டு மெதுவாக வாழும். அந்த பயோசயனினே அவற்றுக்கு ஒரு வழி: ஆக்சிஜன் எட்டாத இடத்திலிருந்து எலக்ட்ரான்களை மேலே சுமந்து போகும். இப்படி அரைப்பட்டினியில் மெதுவாகக் கிடப்பவற்றைத்தான் ஆன்டிபயாடிக் கொல்லத் திணறுகிறது, ஏனென்றால் பெரும்பாலான மருந்து வளர்கிற கிருமியின் வேலையைத்தான் தாக்கும். அப்பாவுக்கு டாக்டர் ஏன் திரும்பத் திரும்பப் புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்தார் என்பது எனக்கு இப்போது வேறு விதமாகப் புரிகிறது.

கட்டுப் போடும் இடத்தில் சில நாள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த துணி வைத்தார்கள். சூடோமோனாஸ் புண்ணுக்கு நெடுநாள் பழக்கம் அது. வியப்பு என்னவென்றால், அதே அமிலத்தை அதன் உப்பான அசிட்டேட்டாக நடுநிலை நீரில் கொடுத்தால் இந்தக் கிருமி விருந்தாகத் தின்று வளரும். புளிப்பாக, அமிலமாக இருக்கும்போதுதான் கொல்கிறது.

ஜூன் கடைசியில் குடியாத்தம் போனபோது அப்பாவுக்குப் போனில் இரண்டு குழாயின் படத்தைக் காட்டினேன். கேள்விக்குப் பதிலையும் சொன்னேன். "அந்தப் பச்சைப் பூச்சிக்குச் சக்கரை முதல் சாப்பாடு இல்லப்பா. புண்ணுல கசியிற லாக்டேட், அமினோ அமிலம் மாதிரி வேற தீனி இருந்தா அதைத்தான் முதல்ல தேடும். சக்கரையக் கொறைச்சு அதைப் பட்டினி போட முடியாது."

"அப்ப ஏன் இத்தினி பத்தியம்?"

"பூச்சிக்காக இல்ல, உங்களுக்காக. சக்கரை ஏறினா வெள்ளை அணு சரியாப் போய்ப் பூச்சியப் புடிக்காது. ரத்தக்குழாய் அடையும். காலு மரத்துப்போவும். ஆணி ஏறினதே தெரியாமப் போச்சே, அது சக்கரை செஞ்ச வேலைதான்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு படத்தில் இருந்த மஞ்சள் குழாயைத் தொட்டார். "இந்தச் சக்கரை திங்கிற பூச்சியும் என் கால்ல இருந்துச்சா?"

இது ஈ. கோலை, அது இல்லை என்றேன். ஆனால் அவர் காலில் இருந்த இன்னொன்று, ஸ்டெஃபிலோகாக்கஸ், சர்க்கரையை விரும்புகிற கட்சி. குளுக்கோஸ் கிடைத்தால் அதை முதலில் எடுக்கும்.

"ரெண்டும் ஒரே புண்ணுல இருந்தா?"

முப்பத்தெட்டு வருடம் நெய்தவர், எட்டாவதுக்கு மேல் படிக்காதவர், என் இரண்டு மாதச் சோதனையில் விட்டுப்போன இடத்தை நேராகத் தொட்டார். இரண்டையும் ஒன்றாக வளர்த்தவர்கள் கண்டது இது: சூடோமோனாஸ் சுரக்கும் ஒரு பொருள் ஸ்டெஃபிலோகாக்கஸின் சுவாசத்தை முடக்கும். மூச்சுத் திணறிய ஸ்டெஃபிலோகாக்கஸ் குளுக்கோஸை நொதிக்கவைத்து லாக்டேட்டாகத் துப்பும். அந்த லாக்டேட்டை சூடோமோனாஸ் தின்னும். ஆக இனிப்பான புண்ணில் சர்க்கரை பச்சைப் பூச்சிக்கும் போய்ச் சேரலாம், இன்னொருவன் வாய்வழியாக. நான் முதலில் சொன்ன பதிலில் இந்தப் பாதை இல்லை. அவரிடமே திருத்திச் சொன்னேன்.

லாக்டேட் வாங்கியாகிவிட்டது. இந்த முறை புட்டியின் மூலக்கூறு எடையை மாணவி முதல் நாளே நோட்டில் ஒட்டிவைத்துவிட்டாள். குளுக்கோஸ், லாக்டேட், சக்சினேட் மூன்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, முதலில் நீந்தும் கிருமியில், பிறகு இரண்டு நாள் படலத்தில் பார்க்கப் போகிறோம். ஆடி பிறந்து பகல் வெயில் கொஞ்சம் தணிந்ததும் பகலிலேயே ஓட்டலாம். அண்ணா குலுக்கியின் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார்.